வ. புதுப்பட்டியின் பச்சைப் பூசணம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் தூறல். வ. புதுப்பட்டி. மாரியப்பன் அண்ணாச்சியின் மக்காச்சோளக் காடு. ஆராய்ச்சிக்காக மண் ஆறு பை, கதிர் பத்து எடுத்தேன். நனைந்த கதிரெல்லாம் பச்சைப் பூசணம்.

"இதுல ஆராய்ச்சி பண்ண என்ன தாயி இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

ஒரே காட்டுப் பூசணத்துக்குள் பல வம்சம், சிலது நஞ்சு சுரக்கும், சிலது சுரக்காது, பார்வைக்கு எல்லாம் ஒன்று என்றேன்.

"எங்க வீட்லயும் அப்படித்தான்." சிரித்தார். அடுத்த காட்டில் அவர் தம்பி கருப்பசாமி. வரப்புத் தகராறு. மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

பூசணக் கதிரை மாட்டுக்குப் போடுகிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சோதிக்காமல் எப்படிச் சொல்ல? சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

ராஜபாளையம். லேபில் ஃபேன் ஓடவில்லை. புழுக்கம். அந்தக் கதிர்ப் பூசணத்தை வளர்த்த தட்டுகளைப் புற ஊதா விளக்கில் பார்த்தேன். பாதிக்கு மேல் நீலமாக ஒளிர்ந்தன. நஞ்சு! டி.என்.ஏ.வில் ஒரே கதிருக்குள் மூன்று வம்சம். துள்ளினேன்.

ஆராய்ச்சிக் கைடு: "நல்லா வந்திருக்கும்மா. இன்னொரு தடவை பார்த்துட்டு வெளிய சொல்லு."

அண்ணாச்சியிடம் பேசப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். மதியம் புரோட்டா.

நவம்பர் 17, திங்கள்

மனசு கேட்கவில்லை. காலையில் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பஸ் ஏறிப் போனேன்.

தொழுவத்தில் இரண்டு மாடுகள் செத்துக் கிடந்தன. மாரியப்பன், தம்பியின் தலைமயிரைப் பிடித்து வரப்பில் தரதரவென்று இழுத்து வந்தார். கையில் அருவாள்.

"ஏலே, தொட்டித் தண்ணியில மருந்தா கலக்குத?"

"சத்தியமா நான் இல்லண்ணே!"

"அண்ணாச்சி, பூசணம்தான்! கதிர்ல இருந்த பூசணம்!" கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. கருப்பசாமி தடுக்கக் கையைத் தூக்கினார். அருவாள் இறங்கியது. வலது கை, மணிக்கட்டோடு. சேற்றில் விரல்கள் இன்னும் அசைந்தன.

நவம்பர் 18, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி. கையை ஒட்ட முடியவில்லை. கருப்பசாமியின் மனைவி செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சனிக்கிழமையே ஒனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும்க்கா."

கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும். நர்ஸ் வந்து இழுத்தாள். கட்டிலிலிருந்து கருப்பசாமி: "அவள விடு. தாயி, அண்ணன்கிட்ட போய்ச் சொல்லு. நான் சொன்னா நம்பாது."

மாரியப்பனை அடைத்திருந்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்.

"வெறும் பூசணமா?" என்றார் மாரியப்பன்.

"ஆமா அண்ணாச்சி."

"அவன் மருந்து கலக்கலையா?"

"இல்ல."

சுவரில் தலையை மோத ஆரம்பித்தார். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்தும் நிறுத்த முடியவில்லை.