உன் படத்துக்குக் கீழே கும்பிட்டு நின்றவன்

என் செல்லத் தம்பி மைக்கேலு,

உன் முதல் வருஷ நினைவுக்குக் காலனி முனையில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். கண்ணீர் அஞ்சலியாம். உன் படத்துக்குக் கீழே, உன்னைவிடப் பெரிதாகக் கும்பிட்டு நின்றான் குணா, ரைஸ்மில்காரர் மகன். ஜாமீனில் வந்திருக்கிறான். தேர்தலுக்கு நம் காலனி ஓட்டு வேண்டுமே. கொன்றவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம், பார்த்தாயா?

ஸ்ப்ரே டப்பாவோடு நெரவி ஊர் முழுக்க அலைந்தாயே. நம் தெருப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் மதகிலும் பஸ் ஸ்டாப்பிலும் நீ வரைந்த நம் ஆட்களின் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. போலீஸ் அடித்தது, அப்பாவும் அடித்தார். நீ அடங்கினாயா?

மில் சுவரைக் குணா வீட்டார் இந்தத் தேர்தலுக்காக அப்போதே வெள்ளையடித்து, கட்சிப் பெயர் எழுதிப் பிடித்து வைத்திருந்தார்கள். அதில் போய் அம்மாவை வரைந்தாய். அவர்கள் வயலில் குனிந்தே நாற்று நட்டவள், சுவர் முழுக்க நிமிர்ந்து நின்றாள். சோறு கொண்டுவந்த நான் சிரித்தேன்.

“அம்மா இவ்ளோ ஒசரமாடா?”

“நிமுந்தா இவ்ளோ ஒசரந்தாங்க்கா.”

அதற்குள் குணா ஆட்களோடு வந்துவிட்டான். உன் வலக்கையைச் சுவரோடு அழுத்திச் செங்கல்லால் இடித்தான். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. உன் டப்பாவையே பிடுங்கி உன் கண்ணிலும் வாயிலும் அடித்தான். “எங்க செவுத்துல ஒங்காத்தாளாடா?” என்று கேட்டுக் கேட்டு நெஞ்சில் மிதித்தான். என் முடியைப் பிடித்து இரண்டு பேர் தரையோடு அமுக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில், என் மடியிலேயே நீ போய்விட்டாய்.

நாளைக்குக் கோர்ட்டில் என் சாட்சி. பார்த்தேன் என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். குணா வீட்டில் டிராக்டர் ஓட்டுகிற நம் மாமா இன்று மத்தியானம் வந்தார்.

“ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடு புள்ள. அதான் ஃப்ளெக்ஸ் வச்சுக் கும்புட்டுட்டான்ல?”

அம்மா கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு முனைக்கு நடந்தாள். காலனியே பார்க்க அவன் கண்ணில் குத்தினாள், கழுத்தை அறுத்தாள், கும்பிட்ட கையைத் துண்டு துண்டாக வெட்டினாள். நானும் சேர்ந்து ஃப்ளெக்ஸைக் கிழித்தேன். சந்தோஷமாக இருந்ததுடா, உன்னிடம் என்ன மறைப்பு? உன் முகத்தை மட்டும் அம்மா மடியில் கட்டிக்கொண்டாள்.

நாளைக்கு அவனுக்கு எதிரே நின்று, இவன்தான் என்று கைநீட்டிச் சொல்வேன். வெளியே வந்தால் என்னையும் அடிப்பார்கள். அடிக்கட்டும். அதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா அக்கா