திருவிழாவுக்கு ஏன் வரவில்லை

அன்புள்ள பாசிலிசாவுக்கு உன் புருஷன் தெல்மோ மணிலாவிலிருந்து எழுதுவது. நீயும் உன் அம்மாவும் நம் பன்றியும் சுகமா? எனக்கென்ன, கல் மாதிரி இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்னச் சங்கதி. வாடகை கொஞ்சம் தாமதமானதும் வீட்டுக்காரி அலிங் சாயோங் வந்து, "டேய் தெல்மோ, ஞாயித்துக்கிழமை காலி பண்ணு. இல்லன்னா மூட்டை தெருவுல கெடக்கும்" என்றாள். வெறும் வாய்வார்த்தை! துண்டுக் காகிதம்கூட இல்லை. நேரே வட்டார மன்றத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் தலைவரே நாற்காலியை விட்டு எழுந்தார் என்றால் பார்! அவளைக் கூப்பிட்டு, "எழுத்துல நோட்டீஸ் குடுத்தியாம்மா? கோர்ட்டு சொல்லாம அவன் மூட்டையத் தொட நீ யாரு?" என்று கேட்டார். பாக்கியைத் தவணையில் தர நானும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் தேனாகப் பேசுகிறாள். அதுதான் இடிக்கிறது. நேற்று ஒரு தட்டு நூடுல்ஸோடு வந்து, "தெல்மோண்ணே, ஊர்த் திருவிழாவுக்குப் போகலியா? பொண்டாட்டி பாவம்ல?" என்கிறாள். பின்னால் அவள் மருமகன் என் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஊருக்குக் கப்பலேறினால் போதும், "ஆளு ஓடிட்டான்" என்று சொல்லிப் பூட்டை மாற்றிவிடுவார்கள். நூடுல்ஸைப் பூனைக்கு வைத்தேன். பூனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவள் பூனை.

ஆகவே நான் வரமுடியாது. கருவாடு கொஞ்சம் அனுப்பு. யாரை நம்பி அனுப்புவது? நீயே கொண்டு வா. நான் வேலைக்குப் போகும்போது அறையில் ஓர் ஆள் இருந்தால் நல்லது.

வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி வந்துவிட்டது. காவலுக்குத்தான் கூப்பிடுகிறேன், வேறொன்றுமில்லை. துணிமணி மட்டும் நிறைய எடுத்துக்கொண்டு வா.

தெல்மோ