முட்டை போய்ட்டான் என்றாய்

தோஸ்த்,

இன்று காலை என் மனைவி முட்டையை அடுப்பில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள். தண்ணீர் வற்றும்வரை கொதித்திருக்கிறது. உரித்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம். வாயருகே கொண்டு போனதும் அந்த வாடை வந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன். "நல்லாத்தான இருக்குது, முட்டை மேல இன்னா கோவம்?" என்றாள். கேட்டபிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எந்த முட்டை மேல் எனக்குக் கோபம் என்று அவளுக்குத் தெரியும்.

நீ வைத்த பெயர்தானே அது. நம் தோல் கம்பெனியில் தோலில் இருந்து முடியைக் கழற்றச் சுண்ணாம்போடு சல்ஃபைடு கலப்போம். அந்தக் கழிவெல்லாம் போய்ச் சேரும் தொட்டியைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று கம்பெனிச் சுவரில் எழுதியிருந்தார்கள். "இத்தப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மயக்கம் போட்டு வுழுந்துருவான்" என்று சொல்லி, நீ அதை முட்டை என்று சுருக்கினாய். பேரணாம்பட்டு ரோட்டில் திரும்பும்போதே மூக்கைச் சுருக்கி, "இன்னிக்கு முட்டை ஜாஸ்தி" என்பாய். அப்படியே இருக்கும். சூப்பர்வைசர்கூட உன் மூக்கைக் கேட்டுத்தான் ஆட்களை வேலைக்கு அனுப்புவார். எல்லாரும் அந்த மூக்கை நம்பினோம். நீயும் நம்பினாய்.

அன்று அந்தத் தொட்டியில் அடைப்பு எடுக்கச் சொன்னார்கள். மூடியைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. விலகி நின்ற இடத்தில் நீ பீடியைப் பற்ற வைக்கப் போனாய். "அது தீப்பிடிக்கிற வாயுடா" என்று பிடுங்கி எறிந்தேன். "எத்தினியோ பீடிய பிடுங்கிட்டே, உன் மேல கேஸ் போடணும்" என்று சிரித்தாய். பிறகு தொட்டி விளிம்புக்குப் போய்க் குனிந்து மூச்சை இழுத்தாய். மறுபடியும் இழுத்தாய். "முட்டை போய்ட்டான்டா. சுத்தமா இல்ல. நான் எறங்கறேன், நீ கயிறு எடுத்துனு வா."

நான் கயிறோடு வந்தபோது மேலே நீ இல்லை. கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தேன், தொட்டி அடியில் அசையாமல் கிடந்தாய். இறங்கப் போன என்னை இரண்டு பேர் தரையில் தள்ளி என்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

கபரஸ்தானில் மண் போட்டுவிட்டு வெளியே வருகிறோம், மேனேஜர் எல்லார் காதிலும் விழும்படி சொல்கிறார்: "வாயு இருந்தா நாத்தம் அடிக்கும்ல? நாத்தம் நின்னப்புறம்தான எறங்கினான், அவனே சொல்லியிருக்கான். ஹார்ட் நின்னுருச்சு, பாவம்." உன் வீட்டுக்குப் போனால் உன் மனைவி, என் பாபி, கேட்டார்: "ஒரு நாளு நெஞ்சு வலின்னு சொன்னதில்லையே, அப்பறம் எப்படி ஹார்ட்டு?" பொய் என்று எனக்குத் தெரிந்தது. பொய் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. உன் வார்த்தையையே எடுத்து உன் வாயை அடைத்துவிட்டார்கள். அந்த எரிச்சல் இன்றும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

எரிச்சலோ வயதோ, எனக்கும் பிரஷர் வந்தது. வேலூரில் ஒரு டாக்டரம்மா பார்க்கிறார். போன மாதம் பீடியை விடச் சொல்லித் திட்டும்போது இப்படிச் சொன்னார்: "ரத்தக் குழாயோட உள்சுவர் சும்மா இருக்கறதில்லீங்க. கொஞ்சூண்டு வாயு தயார் பண்ணும். அது பட்டதும் சுத்தி இருக்கற தசை தளரும், குழாய் விரியும், பிரஷர் எறங்கும். பீடி பிடிச்சா அந்தச் சுவரு கெட்டுடும்."

"இன்னா வாயும்மா?" என்றேன்.

"முக்கியமா நைட்ரிக் ஆக்சைடு. கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் உண்டு. அப்புறம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அது."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன் தோஸ்த். உன்னைத் தின்றவன் என் ரத்தக் குழாயில் குடித்தனம் நடத்துகிறானா? அந்த அம்மா பயந்துபோய் உட்காரச் சொன்னார். உன் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: "அளவு மீறினா அது முதல்ல மூக்கத்தான் மரத்துப்போக வைக்கும். நாத்தம் திடீர்னு நின்னா வாயு போய்டுச்சுன்னு அர்த்தமில்ல. உயிருக்கே ஆபத்தான அளவுல இருக்கலாம்."

அன்றைக்கு முட்டை போகவில்லை. போனது உன் மூக்கு. நேராக உன் வீட்டுக்குப் போய்ப் பாபியிடம் சொன்னேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். "அவரு பொய் சொல்லல, இல்ல?" என்று மட்டும் கேட்டார். "இல்ல பாபி" என்றேன்.

போன வாரம் மறுபடி அதே தொட்டி, அதே அடைப்பு. புது சூப்பர்வைசர் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மூடி திறந்தது, குப்பென்றது, நின்றது. "நாத்தம் போச்சு, எறங்குங்க" என்றார். நான் மூடியை இழுத்து மூடி, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாய்யா பேஜார் பண்ற? அது நம்ம உடம்பே தயாரிக்கிற வாயு. போன்ல படிச்சேன். ரத்தக் குழாய்க்கு நல்லதாம்."

"உடம்புல தண்ணியும்தான் சார் இருக்குது. அதுக்காக ஏரியில முங்கினா சாவ மாட்டோமா? ஆள எறக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குது. மெஷின் கூப்புடுங்க."

"நாத்தமே இல்லையேய்யா!"

"அதான் சார் பயமே."

வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். என் பிரஷர் தலையில் இடித்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடந்த வாயு மீட்டரை எடுத்து வந்தார்கள். மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, கயிற்றில் கட்டி உள்ளே விட்டேன். பாதி தூரம்கூட இறங்கவில்லை, வீல் வீலென்று கத்தியது. இறங்க வந்த இருவரும் தங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் எந்த நாற்றமும் தெரியவில்லை. மாலையில் கழிவை உறிஞ்சும் லாரி வந்தது. யாரும் இறங்கவில்லை.

பீடியை விட்டுவிட்டேன். நீ நம்ப மாட்டாய். ஊசி முனை அளவு முட்டை என் ரத்தக் குழாயில் சுரந்து என்னை ஓட்டுகிறதாம். சுரக்கட்டும். உன்னைக் கொன்றதற்கு அவன் எனக்கு அந்தக் கூலி வேலையாவது செய்யட்டும். அவன் தயவில் ஓடுகிற ரத்தத்தோடு, அவன் இருக்கும் தொட்டியின் வாய்மேலேயே உட்கார்ந்திருப்பேன். முட்டை போய்ட்டான் என்று யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன், நீயே வந்து சொன்னாலும்.