தேதி போடாத முத்திரை

செப்டம்பர் 9

அன்புள்ள பட்டுவின் அம்மாவுக்கு,

நான் அவளுடைய நான்காம் வகுப்பு டீச்சர். நீங்கள் காலை ஷிப்டு என்பதால் பள்ளிப் பக்கம் உங்களைப் பிடிக்க முடியவில்லை. அதனால் இதை அவள் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புகிறேன்.

இந்த மாதம் வகுப்பில், மக்கள் ஏன் நாடு விட்டு நாடு போகிறார்கள் என்ற பாடம். புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. செருப்பு அட்டைப்பெட்டியில் ஆளுக்கொரு பயணப்பெட்டி செய்தோம்; மூன்று பொருளுக்கு மேல் வைக்கக் கூடாது. உருளைக்கிழங்கை வெட்டி முத்திரை செய்தோம். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு சமையல் கிளாஸா டீச்சர்?" என்றார். இரண்டு மேசையை ஒட்டிப் போட்டு, குடியேற்ற கவுன்டர் வைத்தோம். அதிகாரி யார் என்று சீட்டுக் குலுக்கினோம். பட்டு பேர் வந்தது.

வரிசையில் வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும், "உன் கூட வர வேண்டியவங்க யாராவது வரலையா? யோசிச்சு சொல்லு" என்று கேட்டாள். நான் எழுதிக் கொடுத்த அட்டையில் அந்தக் கேள்வி இல்லை. கடைசி பெஞ்ச் வாலு ஒருவன், "எங்கண்ணன் வர வேணாம், எப்பப் பாரு தலையில கொட்டுவான்" என்று சிரித்தான். பட்டு எழுந்து அவன் வாயைப் பொத்தினாள். "அப்படிச் சொல்லாதடா! எழுதிடுவாங்க!"

எழுத வேண்டியவளே அவள்தான். பதிவேட்டுத் தாளைக் கிழித்துப் பையில் திணித்துக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நானும் குனிந்து உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தோம்.

வகுப்பில் நிஜமாகவே அந்த வரிசையில் நின்றவள் அவள் ஒருத்திதான். விளையாட்டுக்கு முன் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு. மன்னியுங்கள்.

அவளுடைய டீச்சர்


செப்டம்பர் 11

டீச்சருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை நான் வேலை பார்க்கும் விடுதியின் சலவை அறையில், இஸ்திரி போட்ட படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்று படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். மேசைக்கடியில் நீங்களும் போய் உட்கார்ந்தீர்கள் என்ற இடத்தில் அது போய்விட்டது.

சாயங்காலம் அவளிடம் மெல்லக் கேட்டேன். சொல்லிவிட்டாள். மூன்று வருஷமாக என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற பிள்ளை, மனசுக்குள் இதை வைத்துக்கொண்டா இருந்தாள்?

அவள் அப்பாவுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை. முதல் தடவை மறுத்தபோது எங்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. என் வேலை அனுமதி காலாவதியாகிவிடும். "அப்பா அடுத்த மாசம் வந்துடுவார்" என்று பொய் சொல்லித்தான் அவளை விமானத்தில் ஏற்றினேன். வழியெல்லாம் அப்பாமேல் கோபம். இங்கே இறங்கினதும் கவுன்டரில் இருந்தவர் அன்பாகத்தான் கேட்டார், "அப்பா வரலையாம்மா?" என்று. இவள், "அவருக்கு வர இஷ்டமில்ல" என்றிருக்கிறாள். நான் பெட்டியோடு போராடிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. அவர் ஏதோ எழுதினாராம்.

அதனால்தான் அப்பாவை விடமாட்டேன் என்கிறார்களாம். தன்னால்தானாம்.

"இல்லடி தங்கம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று எத்தனை தடவை சொல்வது? "அப்பா அடுத்த மாசம் வந்துடுவார்னும் நீதானே சொன்னே" என்கிறாள்.

தயவுசெய்து அவளை இனி அந்த மேசையில் உட்கார வைக்காதீர்கள். உங்கள்மேல் வருத்தமில்லை.

பட்டுவின் அம்மா


செப்டம்பர் 12

அன்புள்ள பட்டுவின் அம்மாவுக்கு,

உங்கள் விருப்பப்படியே செய்கிறேன். ஆனால் இன்று காலை அவளே வந்து, "டீச்சர், என் ஆபீசர் சீட்டை யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு யோசனை. பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடுங்கள். எங்கள் கவுன்டரில் ஒரு விதி உண்டு: யார் என்ன சொன்னாலும் நம்பக் கூடாது, முதலில் தாளில் தேதியைப் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். பட்டு மறப்பதே இல்லை. அந்த மறுப்புக் கடிதமும் உங்கள் பாஸ்போர்ட்டும் வீட்டில்தானே இருக்கும்? வகுப்புக்கு வேண்டாம். அவள் கையில் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம்.

டீச்சர்


செப்டம்பர் 22

அன்புள்ள டீச்சர்,

பதில் தாமதமாகிவிட்டது. நல்ல காரணத்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இஸ்திரி மேசையை இறக்கிப் போட்டு, எங்கள் தாள்கள் இருக்கும் ஃபைலை எடுத்து வைத்தேன். "ஆபீசர் அம்மா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "வரிசையில வாங்க" என்றாள். என் ஒருத்திக்கு என்ன வரிசை? போய் நின்றேன்.

பாஸ்போர்ட்டைப் புரட்டி நாங்கள் இங்கே இறங்கிய நாள் முத்திரையைக் கண்டுபிடித்தாள். ஏப்ரல் 29. அப்புறம் மறுப்புக் கடிதம். ஏப்ரல் 11. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விரல் விட்டு எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

"அம்மா, நான் சொல்றதுக்குப் பதினெட்டு நாளைக்கு முன்னாடியே இதை எழுதிட்டாங்க."

"ஆமா."

"அப்போ அந்த அங்கிள் என்ன எழுதினார்?"

"எனக்குத் தெரியாதுடி. நிஜமாவே தெரியாது."

"வீட்டுக்கு என்ன வாங்கிட்டுப் போகணும்னு எழுதியிருப்பார்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அடுத்த மாசம் என்று அன்றைக்குச் சொன்னது பொய் என்று அப்போதுதான் அவளிடம் ஒப்புக்கொண்டேன். "தேதி தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்மா" என்றாள். உங்கள் பாடம்தானே அதுவும்?

அப்பாவுக்குப் போன் போடச் சொன்னாள். எடுத்ததும், "அப்பா, நான் இல்லப்பா!" என்றாள். "எது நீ இல்லடா?" என்று அவர் குழம்பிப் போய்க் கேட்டார். அவள் சொல்லவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அரை மணி நேரம் பேசினாள். ஊரில் அவருக்கு ஒரு பல் விழுந்ததைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவர் விசாவுக்கான மறு விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தேன். அதையும் அவளே பார்க்க வேண்டுமாம். "ஏழாம் பக்கத்துல கையெழுத்து இல்ல. போயிட்டு அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினாள். பார்த்தால் உண்மைதான்! ஊரில் கல்லூரி நூலகத்தில் பன்னிரண்டு வருஷம் புத்தகப் பட்டியல் எழுதியவள் நான்; விட்டிருக்கிறேன். சரிசெய்து வியாழக்கிழமை அனுப்பிவிட்டோம். கிடைக்குமா, தெரியாது. தெரியாது என்றுதான் அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

டீச்சர், இந்த ஊரில் இத்தனை கவுன்டரில் நின்றிருக்கிறேன். எங்களுக்காக ஒருவர் மேசைக்கு அடியில் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. வேறு சொல் என்னிடம் இல்லை.

மேசையில் உட்கார வைக்க வேண்டாம் என்று எழுதினேனே, அதை அழித்துவிடுங்கள். அவள் சீட்டு அவளுக்கே இருக்கட்டும்.

இந்த உறைக்குள் அவள் ரப்பரில் வெட்டிய முத்திரை பதித்த தாள் ஒன்று இருக்கிறது. "வரலாம்" என்று மட்டும் இருக்கும். தேதிக்கு இடம் காலி. வர வேண்டிய நாளுக்கு முன்னால் தேதி போட்டால் அது பொய்க் கணக்காகிவிடுமாம். அப்பா வரும்வரை உங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கச் சொன்னாள்.

வரிசையில் நிற்கும்,
பட்டுவின் அம்மா