முன்னால் போன முதுகு

லோறென்ஸ்கூக்
17.02.2008

அன்பு மகள் துஷாராவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், பேர்கன் ஊர் மழைக்குள் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் சொல்கிறார், நானும் அதையே எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். தொலைபேசியில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன், சொல்லவந்தது அரைவாசியில் நின்றுவிடும். போஸ்க ஈஸ்டர் விடுமுறைக்குத் தோழிகளோடு ஏரிக்கரைக்குப் போய் எங்கள் கரவன் வண்டிவீட்டில் தங்கலாமா என்று கேட்டாய். ஓம் என்று சொல்லிவிட்டேன், சொன்ன சொல்லை மாற்றமாட்டேன், சாவியும் இந்த உறைக்குள்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் சாவியைக் கையில் எடுக்கவேண்டும்.

தம்பி நிலன் கணக்குப் பாடத்தில் விழுந்துவிட்டான், கேட்டால் ஆசிரியர் சரியில்லையாம். அல்பேர்ட் அண்ணை கடைசியில் பெரிய பூபில் ஒன்று வாங்கிவிட்டார், கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் சில்லின் மேலே. ஏரிக்கரை முகாமில் எங்களுக்குப் பக்கத்து இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார். ஊரிலை ஷெல்லுக்குப் பயந்து கூடாரத்துக்குள்ளை கிடந்தம், இப்ப காசு கட்டிக் கிடக்கிறம், இதுக்குப் பேர் முன்னேற்றம் எண்டு வந்தவுடனேயே தொடங்கிவிட்டார். கோடையில் அந்த இடம் எவ்வளவு சத்தம் என்று உனக்குத் தெரியும், பிள்ளைகள், நுளம்பு, இறைச்சி வாட்டும் புகை. இலை கொட்டும் காலத்தில் பாதிப் பேர் போய்விடுவார்கள். குளிர்காலத்தில் எங்கள் வரிசையில் ஆறேழு கரவன்தான் மிஞ்சும், எல்லாவற்றுக்கும் முன்னால் பலகை அடித்த கூடாரம், உள்ளே அடுப்பு, வெளியே ஒரு சத்தமும் இல்லை, இடைக்கிடை ஏரி மட்டும் ஊளையிடும். அது ஐஸ் விரிந்து சுருங்குகிற சத்தம். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

பயப்படவேண்டியது வேறு. அது மின்நிலையத்தின் ஏரி. குளிர்காலம் முழுவதும் கீழே தண்ணீரை இழுத்துக்கொண்டிருப்பார்கள், மேலே ஐஸ் தாங்குவார் இல்லாமல் தொங்கும், கரையோரம் பிளக்கும், பனிக்குக் கீழே தண்ணீர் ஏறி நிற்கும். படகுத்துறைப் பக்கம் முகாமின் சொந்தக்காரர் ஊட்வார் துளைபோட்டு அளந்து, மரக்குச்சி நட்டுப் பாதை காட்டியிருப்பார். அந்தப் பாதையில் போகலாம். எங்கள் வரிசைக்கு நேர்முன்னால் குச்சி இல்லை, அங்கே ஒருவரும் இறங்குவதில்லை. இது அம்மாவுக்கும் நன்றாகத் தெரியும்.

எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை மத்தியானம் நான் கரவனுக்குப் பின்பக்கம் கீழே படுத்திருந்து, உறைந்துபோன கழிவுநீர்க் குழாயைத் தலைமயிர் காயவைக்கிற மெஷினால் இளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல பனிப்புகார், அல்பேர்ட் அண்ணையின் பூபிலே மங்கலாகத்தான் தெரிந்தது. வேலை முடிந்து ஊர்ந்து வெளியே வந்தால் படியில் இரண்டு கோப்பை தேநீர் ஆவி பறந்தபடி இருக்கிறது, அம்மாவைக் காணவில்லை. கால்தடம் படியிலிருந்து நேரே ஐஸுக்கு இறங்கியிருந்தது. உதயகுமாரி என்று முழுப்பெயரைச் சொல்லிக் கத்தினேன், கலியாண எழுத்து எழுதின நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படிக் கூப்பிட்டிருப்பேன். புகாருக்குள்ளே தூரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது, கொஞ்சமும் பயமில்லாத குரல். நீங்கள் இஞ்சையெல்லோ எனக்கு முன்னாலை நிக்கிறியள், பிறகு ஆர் அங்கையிருந்து கத்திறது எண்டு கேட்டார்.

அசையாமல் நில், வந்த தடத்திலேயே கால்வைத்துத் திரும்பி வா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நானும் இறங்கினால் இரண்டு பேரின் பாரம் என்று கரையிலேயே கூடாரக் கயிறொன்றை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐஸ் அடியில் முனகியது. வந்து சேர்ந்தபோது சப்பாத்து முழங்காலுக்குக் கிட்டமட்டும் நனைந்திருந்தது. பிறகு கேட்டால், தேநீரோடு வெளியே வந்தபோது என் நீல வேலைச் சட்டையோடு நான் ஐஸில் போய்க்கொண்டிருந்தேனாம். வழக்கம்போல என் பெயரைச் சொல்லாமல், இஞ்சருங்கோ, தேத்தண்ணி எண்டு கூப்பிட்டிருக்கிறார். அந்த ஆள் நின்று, முகம் திருப்பாமல், வா என்பதுபோலக் கையை மட்டும் உயர்த்தியதாம். திரும்பிக்கூடப் பாராத ஆளின் பின்னால் ஏன் போனாய் என்று ஏசினேன். நீங்கள் எப்ப திரும்பிப் பாத்தனீங்கள் எண்டார். நான் தடத்தைப் போய்ப் பார்த்தேன். அம்மாவின் சப்பாத்துத் தடம் மட்டும்தான், போனதும் வந்ததும்.

நான் எலெக்ட்ரீசியன், பேயைப் பிடித்துக் கதை சொல்கிற ஆள் இல்லை. ஹீட்டரின் நச்சுவாயு தலைக்கேறினால் இல்லாததெல்லாம் தெரியும் என்று புகைக்குழாயைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தம். வேலையிடத்து அளவுமானியைக் கொண்டுபோய் வைத்தேன், பூச்சியம். பற்றரியை மாற்றி வைத்தேன், பூச்சியம். காரணம் தெரியவில்லை என்று எழுதவே எரிச்சலாக இருக்கிறது. அல்பேர்ட் அண்ணை, எங்கடை மனிசிமாருக்கு எங்கடை பேர் மறந்துபோச்சு, எவன் திரும்பினாலும் இஞ்சருங்கோதான் எண்டு பகிடி விட்டார். ஊட்வாருக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அந்த ஆளை உன் மனைவி கூப்பிட்டாளா, என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று மட்டும் கேட்டார். விளக்கினேன். குளிர்காலத்தில் இந்த வரிசையில் எல்லோரும் புருஷனை, பெண்சாதியை, தகப்பனைக்கூடப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறோம், நீ கவனித்ததில்லையா என்றார். கவனித்திருக்கிறேன், மரியாதை தெரியாத சனம் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

அம்மாவை வீட்டில் என் பெயரைச் சொல்லிப் பழகச் சொன்னேன். குசினிக்குள் நின்று வாயைத் திறப்பார், வெட்கப்பட்டு மூடுவார், பிறகு இஞ்சருங்கோ, வருகுதில்லை எண்டு சிரிப்பார். இப்போதெல்லாம் கடைக்குப் போனாலும் நான் அவருக்குப் பின்னால்தான் நடக்கிறேன், நிலன் பார்த்துச் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

நீங்கள் வியாழன் போங்கள், நாங்கள் சனி காலை வந்துவிடுவோம். காஸ் போத்தலைத் திறக்கமுன் ஜன்னலைத் திறக்கவும், கோழிக்கறி அம்மா கொண்டுவருவார், நூடில்ஸ் தின்று வயிற்றைக் கெடுக்காதே. நல்லூர்க் கந்தன் உன்னையும் உன் தோழிகளையும் காக்கட்டும், படிப்பு நல்லபடி முடியட்டும். ஒன்றை மட்டும் எழுத்தில் தருகிறேன், மறந்துவிடாதே. எங்கள் வரிசைக்கு முன்னால் ஐஸில் நான் ஒருநாளும் இறங்கமாட்டேன். அங்கே என்னைக் கண்டால் அப்பா என்று கூப்பிடாதே, ஒரு அடியும் பின்னால் வைக்காதே. கரையில் நின்றபடி பத்மநாதன் என்று கூப்பிடு. பெற்ற தகப்பனைப் பெயர் சொல்லுகிறாயா என்று நான் எங்கே நின்றாலும் அந்த நிமிடமே ஏசுவேன். ஏச்சு வராவிட்டால் தோழிகளையும் கூட்டிக்கொண்டு காரில் ஏறு.

அன்புடன்,
அப்பா
க. பத்மநாதன்