பார்த்ததை மட்டும் வரைக

அன்பு அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா? நான் நலம், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதே. உயிரியல் லேபில் வெங்காயத் தோலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரையச் சொன்னார்கள். பள்ளி ரெக்கார்டு நோட்டில் வரைவதைப் போலவே, செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா வரை எல்லாப் பாகங்களையும் குறித்து, புத்தகத்தில் இருப்பதுபோல அச்சு அசலாக வரைந்தேன். பேராசிரியை பூஜ்யம் போட்டுவிட்டார்.

"மைட்டோகாண்ட்ரியா இந்த மைக்ரோஸ்கோப்ல தெரியவே தெரியாதும்மா. பார்க்காததை வரைஞ்சா அது பொய். முதல் நாள் குடுத்த விதிமுறையிலயே இருக்கே" என்கிறார்.

நானா பொய் சொன்னேன்? கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது உள்ளே இல்லை என்றாகிவிடுமா? பக்கத்து மேசைக்காரி நாலு கோணல் கட்டம் கிறுக்கி, நடுவில் ஒரு வட்டம் போட்டு, 'காற்றுக் குமிழி' என்று எழுதி முழு மார்க் வாங்கிவிட்டாள். எனக்கு வயிறு எரிகிறது.

யாராவது வந்தால் இரண்டு பென்சில் கொடுத்தனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான், ஆனால் நீ சீவினால்தான் முனை உடையாது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மேலே 'நன்றாகச் சாப்பிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதற்குப் பேராசிரியை பூஜ்யம் போட்டால் மட்டும் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

உன் மகள்