சாணம் மெழுகிய மாளிகைத் தரை

கொல்லே வெரானோ, சபீனா மலைச்சரிவு
அக்டோபர் 1971

கடல் பல கடந்து மேற்கு ஆசுத்திரேலியாவில் கோதுமை விளைக்கும் என் அன்புத் தம்பி நசரேனோவுக்கு, அக்காள் எர்சிலியா வாழ்த்துக் கூறி எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். உன் நலமே நாங்கள் நாளும் விரும்புவது. ஒலிவக் காய்களில் இவ்வாண்டு ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டது. செக்குக்குப் போவது பாதிக்கும் குறைவாகவே இருக்கும். அப்பாவுக்கு முழங்கால்கள் தளர்ந்துவிட்டன. நாக்கு மட்டும் தளரவில்லை.

இவையெல்லாம் எப்போதும் எழுதுபவை. இம்முறை எழுத ஒரு புதுச்செய்தி உண்டு. சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்பா நம் பழைய களத்துக்குப் போனார்!

ஆம், தம்பி. அரசு வேலியிட்டுக் கொட்டகை போட்ட நாள்முதல் அவர் மிதிக்க மறுத்த அதே மண்ணுக்கு. ஊரார் அதை இன்று "உரோமர் மாளிகை" என்கிறார்கள். நமக்கு அது என்றும் களம்தான். கதிரடிக்குமுன் அம்மா சாணத்தைக் கரைத்து ஊற்றி, விளக்குமாற்றால் இழுத்து மெழுகுவாளே, நினைவிருக்கிறதா? காய்ந்த தரையில் எருதுகள் சுற்றும், உமி பறக்கும், உச்சிவேளையில் வாத்துக்கறி மணக்கும். அவ்வளவு சமமான களம் இம்மலையில் வேறெவருக்கு இருந்தது? யார் அமைத்த சமம் அது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. பாட்டன் மெழுகினான், நாமும் மெழுகினோம்.

நீ ஒருவன்தான் கேட்டாய். மெழுகியதைச் சுரண்டினாய், கிணற்று நீரை ஊற்றிக் கழுவினாய், வண்ணக் கற்களைக் கண்டாய், கண்டதைத் தொல்பொருள் அகழ்வாரிடம் சொன்னாய். அரசு வந்தது; களம் போயிற்று; களத்தைச் சுற்றிநின்ற ஒலிவ மரங்களும் போயின. மண்ணைப் பறித்தது அரசு. மகனைப் பறித்தது எது? சினம்! "என் வீட்டுப் படிய மிதிக்காத" என்றார் அப்பா, நீயும் கப்பலேறினாய். அன்றுமுதல் உன் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. சொல்ல நேர்ந்தால் "அங்க இருக்கறவன்" என்பார். நீ எழுதும் மடல்களை நான் உரக்கப் படிக்கும்போது சன்னலைப் பார்த்தபடி இருப்பார். ஆனால் எழுந்து போனதில்லை.

ஞாயிறு காலை திடீரென்று, "ஆர்கான்தேய வண்டி எடுக்கச் சொல்லு. கொட்டகைக்குள்ள அப்படி என்னத்தத்தான் வச்சிருக்கானுங்கன்னு பாத்துட்டு வரலாம்" என்றார். ஆர்கான்தேயை நீ அறிவாய். சீட்டாட்டத்தில் அப்பாவின் கூட்டாளி, வாய்ச்சண்டையில் எதிராளி.

நீ பார்த்தது ஓர் அறையின் மூலை மட்டுமே, தம்பி. இப்போது முழுதும் வெளிப்பட்டுவிட்டது. குளியலறை, சூடேற்றும் அடுப்பு, எண்ணெய்ச் செக்கு, திராட்சை மிதித்துச் சாறெடுக்கும் கழுத்தளவு ஆழமான தொட்டி. தொட்டியைக் கண்டதும் அப்பா, "நம்மளத விடப் பெருசுய்யா" என்று வியந்தார். உடனே ஆர்கான்தே, "இம்புட்டுக் குடிச்சா பேரரசு எப்படிய்யா நிக்கும்?" என்றான். பின்னால் நின்ற பார்வையாளர் கூட்டம் சிரித்தது.

பிறகு நம் களத்துக்கு வந்தோம். தகரக் கூரையின்கீழ், கயிற்றுக்கு அப்பால், பளிங்குபோல் கிடந்தது தரை. வண்ணக் கற்களால் பதித்த முயல் ஒன்று அதில் திராட்சைக் கொத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டு நம் எருதுகள் அதன் முதுகின்மேல் அல்லவா நடந்திருக்கின்றன!

உரோமிலிருந்து வந்த வழிகாட்டிப் பெண் விளக்கினாள்: "மத்த இடத்துலெல்லாம் தரை பேந்து போச்சுங்க. இங்க இருந்த குடியானவங்க வருசா வருசம் சாணி மெழுகினாங்க, அதுதான் இதக் காப்பாத்திருச்சு. அப்புறம் யாரோ ஒரு பையன் கழுவிப் பாத்துச் சொன்னான்."

அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "யாரோ பையன் இல்லம்மா," என்றார். "நசரேனோ. என் மவன்."

கேட்டாயா? உன் பெயர், தம்பி! அவர் வாயால், அத்தனை பேர் முன்னிலையில்!

ஆர்கான்தே சும்மா இருப்பானா? "மவனா? நீதானய்யா அவனத் தொரத்திவிட்ட?" என்று குத்தினான். அப்பா அவன்மேல் பாய்வார் என்றே அஞ்சினேன். பாயவில்லை. அந்தப் பெண்ணை நோக்கித் திரும்பினார்.

"கழுவினது அவன், தொரத்தினது நான். இனிமே வர்றவங்ககிட்ட ரெண்டையும் சேத்துச் சொல்லும்மா."

அவள் தலையாட்டினாள். அப்பா அதன்பின் நெடுநேரம் அந்த முயலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆர்கான்தே தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் நம் வீட்டு வளைவு வந்ததும் அப்பா கேட்டார்: "அங்க கதிரடிக்கறது எந்த மாசம்?" திசம்பரில் என்றேன். "கிறித்துமசு சமயத்துலயா! தலகீழ் நாடுதான் போ," என்று சிரித்தார். பின்பு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்ப நம்ம கதிரடிக்கற சூலை மாசத்துல அவனுக்கு அங்க வேல ஒண்ணும் இருக்காதுல்ல?" என்றார்.

அது எனக்குரிய வினா அன்று; உனக்குரியது.

எண்பதைக் கடந்தவர் அவர். இதற்குமேல் ஒரு சொல்லும் கேட்க மாட்டார்; அவர் மகனாகிய உனக்கு அது தெரியும். நானும் உன்னை வற்புறுத்தி எழுதவில்லை. வாழ்த்தி மட்டும் முடிக்கிறேன்.

உன் வயல்களில் மழை பொய்யாதிருக்கட்டும். திசம்பரில் களஞ்சியம் நிறையட்டும். அதன்பின் வரும் விதைப்பு விரைந்து முடியட்டும். சூலையில் மட்டும், தம்பி, உனக்கு அங்கே எந்த வேலையும் இல்லாதிருக்கட்டும்.

என்றும் உன் அக்காள்,
எர்சிலியா